பொறுப்பல்ல என்று எழுதாதே

அன்பு மருமகனுக்கு,



நீ அனுப்பிய பெனர் மாதிரியைப் பார்த்தேன். வடிவாக வந்திருக்கிறது. பெருநாள் விடுமுறையில் இரண்டு நாள் சுற்றுப்போட்டி, ஃப்ரீ ஃபயருக்கு 24 ஸ்குவாட், பிளேஸ்டேஷனில் ஃபுட்போல் வேறாக. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறைப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகளின் டீம்கள் பெயர் கொடுத்திருப்பதாக உன் உம்மா சொன்னா. மாஷா அல்லாஹ். பந்து விளையாடுகிறவனுக்கு சந்தாங்கேணி மைதானம் இருக்கிறது. போனில் விளையாடுகிறவனுக்கு வீட்டில் ஏச்சுத்தான் இருக்கிறது. 2023இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இந்த மாதிரி விளையாட்டுகளுக்கு ஏழு தங்கப் பதக்கங்கள் கொடுத்தார்கள் என்பதை உன் வாப்பாவிடம் நான் சொல்லி வைத்திருக்கிறேன். நீ நடத்து. நான் உன் பக்கம்தான்.

பெனரின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டிருக்கிறாய்: “உங்கள் உடைமைகளுக்கு ஏற்பாட்டாளர்கள் பொறுப்பல்ல.” அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். எல்லாரும் போடுகிறார்கள், நீயும் போட்டிருக்கிறாய், அதில் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். ஆனால் தொண்ணூற்றுச் சொச்சம் பிள்ளைகளை ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டு, கண்ணைத் திரையிலும் காதை ஹெட்செட்டிலும் வைக்கச் சொல்லிவிட்டு, உன் பொருளை நீ பார்த்துக்கொள் என்று சொல்வது எப்படிச் சரியாகும்? அவன் பார்க்க முடியாத வேலையைக் கொடுத்ததே நீதான்.

கல்முனை பஸாரில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறவனிடம் களவின் இரண்டு முனையும் வந்து சேரும். ஒரு முனையில், போனைத் தொலைத்த பிள்ளை வருவான். “மாமா, ட்ராக் பண்ணித் தர ஏலுமா?” என்பான். வாப்பா கட்டாரிலிருந்து அனுப்பிய போன் என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிடும். மற்ற முனையில், வேறொருவன் ஒரு போனைக் கொண்டு வந்து மேசையில் குப்புற வைப்பான். பின்பக்கக் கவரில் டீமின் பெயர் ஸ்டிக்கர், பாதி உரித்தபடி. திரையைத் திருப்பினால் பழைய கணக்கின் ஜீமெயிலைக் கேட்டு நிற்கும். “ஜீமெயில் லொக் எடுக்கணும், மச்சான்ட போன்” என்பான். மச்சானுடைய ஜீமெயில் என்ன என்று கேட்டால் பதில் இல்லை. மச்சானையே கூட்டிக்கொண்டு வா என்றால் போனை எடுத்துக்கொண்டு போய்விடுவான், திரும்பி வரமாட்டான். அந்தப் பூட்டுக்கு எங்கள் தொழிலில் எஃப்ஆர்பி என்று பெயர். 2015 முதல் அன்ட்ரொய்ட் போன்களில் இருக்கிறது. போனை முழுதாக அழித்தாலும் பழைய சொந்தக்காரனின் கணக்கைக் கேட்கும். கூகுள் கணக்கும் திரைப் பூட்டும் போட்டு வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும். விளையாடும்போது இடைஞ்சல் என்று திரைப் பூட்டையே எடுத்துவிடுகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். உன் போட்டியில் சேர்கிறவனிடம் முதலில் கேட்கவேண்டியது அவன் ரேங்க் என்ன என்பதல்ல, போனில் பூட்டு இருக்கிறதா என்பதுதான்.

போன் களவு என்றால் 2022க்கு முன்னும் பின்னும் ஒரே கதை இல்லை. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றது. மே மாதம் 360ஐத் தாண்டியது. அத்தோடு இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. கடைக் கண்ணாடிக்குள் இருந்த அதே போனின் விலைச் சீட்டை நான் என் கையால் எத்தனை தடவை மாற்றி எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. கரைவலைக்குப் போகிற வீட்டிலும் தறி ஓடுகிற வீட்டிலும் ஒரு நல்ல போன் என்பது பல மாதம் சேர்த்த காசு, அல்லது சீட்டு எடுத்த காசு. பல வீடுகளில் அது பிள்ளையின் போனும் இல்லை. உம்மாவின் போன், இரண்டு நாளைக்குக் கெஞ்சி வாங்கி வந்தது. அதில் வெளிநாட்டிலிருக்கிற வாப்பாவின் குரல் பதிவுகளும், மௌத்தாகிப்போன மூத்தம்மாவின் கடைசிப் படங்களும் இருக்கும். இதையெல்லாம் வைத்துத்தான் அவன் உன் மண்டபத்துக்குள் வருகிறான்.

இனி, களவு எப்போது நடக்கும் என்று பார். உன் அட்டவணையைப் பார்த்தேன். ஒரு ரூமில் 12 ஸ்குவாட் என்பதால் இரண்டு குழுவாகப் பிரித்திருக்கிறாய். ஒரு குழு விளையாடும்போது மற்றக் குழு சும்மா இருக்கும், மண்டபத்துக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்து திரியும். எந்த பேக் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஒருவன் ஒரு பேக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனால், அது அவனுடையதுதான் என்று எல்லாரும் நினைப்பார்கள். அடுத்தது தொழுகை நேரம். லுஹருக்கும் அஸருக்கும் பாங்கு சொன்னதும் மண்டபம் கலைந்துவிடும். பள்ளிக்குப் போகிறவன் போனைச் சார்ஜில் விட்டுவிட்டுத்தான் போவான். காரைதீவுப் பிள்ளைகளும் தொழாத இரண்டு பேரும் உள்ளே இருப்பார்கள். பிறகு ஏதாவது காணாமல் போனால் பழி யார் தலையில் விழும் என்று யோசித்துப் பார். கடைசியாக, ஃபைனல். எல்லாரும் பெரிய திரைக்கு முன்னால் நெருக்கியடித்து நிற்பார்கள், பின்னால் இருக்கிற கதிரைகளில் பேக்குகள் தனியாகக் கிடக்கும். நான் கள்வனாக இருந்தால் அந்தக் கடைசி இருபது நிமிடத்துக்காகக் காலையிலிருந்து காத்திருப்பேன்.

ஆனால் காணாமல் போகிறதெல்லாம் களவு இல்லை. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் செருப்பு மாறிக் கிடக்குமே, அப்படித்தான் சார்ஜ் போடுகிற இடமும். ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் எட்டுப் போன், அதில் நாலு ஒரே மொடல், எல்லாவற்றுக்கும் கறுப்புக் கவர். ஆட்டம் தொடங்கப்போகிறது என்று மைக்கில் கூப்பிட்டதும் கைக்கு வந்ததை உருவிக்கொண்டு ஓடுவான். சார்ஜரும் ஹெட்செட்டும் பவர் பேங்க்கும் இதைவிட மோசம். மாறிப் போனதை உடனே சரிசெய்யாவிட்டால் அது களவாகிவிடும், ஏனென்றால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டு வைத்துக்கொள்கிறவன் இருக்கிறான். ஆகவே ஒவ்வொரு பொருளிலும் பெயர் இருக்கவேண்டும். வெள்ளைப் பிளாஸ்டரைச் சின்னதாக வெட்டி, அழியாத மார்க்கரால் பெயரும் ஊரும் எழுதி ஒட்டினால் போதும். பதிவு செய்யும் மேசையிலேயே பிளாஸ்டரையும் மார்க்கரையும் வை. வருகிறவன் ஒட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

இந்த இடத்தில் உனக்கு ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். மதரஸாவில் கேட்டிருப்பாய், மறந்திருப்பாய். ஸஃப்வான் இப்னு உமையா என்ற ஸஹாபி பள்ளியில் தன் போர்வையைத் தலைக்குக் கீழே வைத்து உறங்கிவிட்டார். ஒருவன் வந்து அதை உருவிக்கொண்டு போனான். ஸஃப்வான் அவனைப் பிடித்து ரசூலுல்லாஹ்விடம் கொண்டுபோனார். தண்டனை தீர்ப்பானதும் அவருக்கு மனம் கேட்கவில்லை, நான் இதை நினைத்துக் கொண்டுவரவில்லை, போர்வையை அவனுக்கே கொடுத்துவிடுகிறேன் என்றார். என்னிடம் கொண்டுவருவதற்கு முன்பே அதைச் செய்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஹதீஸ் கிரந்தங்களில் உள்ள இந்தச் சம்பவத்திலிருந்து சட்ட அறிஞர்கள் எடுத்த ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. பள்ளி பொது இடம், கதவு திறந்தே கிடக்கும், யாரும் வரலாம் போகலாம். அங்கே கிடந்த பொருளைக் காவலில் இருந்த பொருள் என்று எப்படிச் சொல்வது? தலைக்குக் கீழே இருந்ததால் சொல்லலாம் என்றார்கள். பூட்டோ பெட்டியோ தேவையில்லை, ஒரு மனிதன் பொருளோடு இருந்தால் அதுவே காவல்.

உன் மண்டபத்தில் இல்லாதது அதுதான். கெமரா வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கெமரா களவு போன பிறகு பார்ப்பதற்கு உதவும். அதற்கு முன் உதவுகிறது ஒரு ஆள். விளையாடாத ஆள். ஸ்கோரும் பார்க்காத ஆள். உன் நண்பர்களில் ஒருவனை அங்கே வைத்தால் அரை மணித்தியாலத்தில் எழும்பி ஃபைனல் பார்க்கப் போய்விடுவான். இந்த விளையாட்டில் துளியும் ஆசையில்லாத ஒரு பெரியவரைக் கேள். தெருமுனைக் கடையில் பின்னேரம் முழுக்கப் பத்திரிகையோடு உட்கார்ந்திருக்கிற நம் சாச்சாமாரில் யாரையாவது கேட்டுப் பார். மரியாதையோடு கேட்டால் சந்தோஷமாக வருவார்கள். சாப்பாடும் தேத்தண்ணியும் நேரத்துக்குக் கொடு, முடிவில் மேடைக்குக் கூப்பிட்டு நன்றி சொல். ஒருவர் போதாது, இரண்டு பேர். ஒருவர் தொழப்போனால் மற்றவர் இருக்கவேண்டும், அவர் வந்த பிறகு இவர் போகலாம்.

அந்த மேசை எப்படி இருக்கவேண்டும் என்றால், முதுகுக்குச் சுவரும் கண்ணுக்கு வாசலும் இருக்கவேண்டும். வாசலோடு ஒட்டினாற்போல் வைக்காதே, ஓடுகிறவனுக்கு அது வசதி. ஒரே இலக்கம் போட்ட இரண்டு அட்டைத் துண்டு. ஒன்று பொருளில் கட்டப்படும், மற்றது சொந்தக்காரன் கையில். ஒரு கொப்பியில் இலக்கம், பெயர், ஊர், என்ன பொருள் என்று எழுதி, கொடுக்கும்போது ஒரு கையெழுத்து, எடுக்கும்போது ஒரு கையெழுத்து. துண்டைத் தொலைத்துவிட்டு வருகிறவனோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. போன் என்றால் பெரியவருக்கு முன்னால் பூட்டைத் திறந்து காட்டட்டும். பேக் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று திறப்பதற்கு முன் சொல்லட்டும். காசும் நகையும் வாங்கவேண்டாம், அந்தப் பொறுப்பைத் தாங்க ஒரு மேசையால் ஏலாது. சார்ஜ் போடுகிற இடத்தையும் அந்த மேசைக்குப் பின்னாலேயே கொண்டுவா, ஒவ்வொரு வயருக்கும் இலக்கம் ஒட்டு. ஹெல்மெட்டை மறந்துவிடாதே. நம் ஊரில் கூட்டம் கூடுகிற இடத்தில் சத்தமில்லாமல் போவது ஹெல்மெட்தான். பத்துப் பதினைந்து ஹெல்மெட்டின் பட்டிகளுக்குள்ளால் ஒரு நைலோன் கயிற்றை விட்டுக் கட்டினால் ஒன்றை மட்டும் உருவ முடியாது.

இது பெரிய இடங்களிலும் உள்ள முறைதான். அமெரிக்காவின் டெக்சாஸில் 1996இல் தொடங்கிய குவேக்கொன் போன்ற கூடல்களுக்கு ஆயிரக்கணக்கானோர் தங்கள் கொம்பியூட்டரையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அப்படிப்பட்ட இடங்களில் இயந்திரத்துக்கு ஒரு இலக்கமும் ஆளின் அட்டைக்கு அதே இலக்கமும் கொடுத்து, வெளியே கொண்டுபோகும்போது இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். உள்ளே வரும்போது சோதிப்பதைவிட வெளியே போகும்போது பார்ப்பதுதான் களவைத் தடுக்கும். நீ வாடகைக்கு எடுக்கிற பிளேஸ்டேஷன், கண்ட்ரோலர், எச்டிஎம்ஐ வயர் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே படம் எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் நகப்பூச்சால் ஒரு புள்ளி வை. சொந்தக் கண்ட்ரோலரோடு வருகிற பிள்ளைகளும் இருப்பார்கள். 2001இல் வந்த ஸ்மாஷ் ப்ரோஸ் மெலேயை இன்றும் விளையாடுகிற வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் அந்தப் பழைய கண்ட்ரோலரைத் தங்களோடுதான் கொண்டுபோவார்கள். கை பழகிய பட்டன் வேறொன்றில் கிடைக்காது. அப்படி ஒன்று போனால் காசு கொடுத்தும் சரிக்கட்ட முடியாது.

பேக்குகளைப் பற்றி ஒன்று, இதை நம் ஊரில் சொல்லாமல் விட முடியாது. 2019 ஏப்ரல் 26 இரவு, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்காரர்களின் கூட்டாளிகள் சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் குண்டுகளை வெடிக்கவைத்தது, அப்போது நீ சின்னப் பிள்ளையாக இருந்தாலும் உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு பாடசாலை வாசலில் பேக் திறந்து காட்டித்தான் நீங்களெல்லாம் உள்ளே போனீர்கள், உள்ளே இருப்பது தெரிகிற பேக்கைக் கடை கடையாகத் தேடி உன் உம்மா வாங்கித் தந்தா. ஆளில்லாத பேக் ஒன்று மண்டப மூலையில் கிடந்தால், நம் ஊர்ப் பெரியவர்களின் நெஞ்சு இன்னும் படபடக்கும். ஆகவே இலக்கம் கட்டாத பேக் எதுவும் மண்டபத்துக்குள் இருக்கக்கூடாது என்பதை ஒரு விதியாகவே போடு. களவுக்கும் நல்லது, பெற்றோரின் மனதுக்கும் நல்லது.

கையில் பிடிக்க முடியாத களவு இன்னொன்று இருக்கிறது, அதற்கு உன் மேசையால் காவல் போட முடியாது. கெஸ்ட் ஐடியில் விளையாடுகிறவனின் போன் போனால் அவன் கணக்கும் போச்சு, வருடக்கணக்காகச் சேர்த்த எல்லாமும் போச்சு. போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே கணக்கைச் சொந்த ஜீமெயிலோடு இணைத்துவிட்டு வரச் சொல். ரூம் ஐடியும் பாஸ்வேர்டும் போடுகிற உன் வட்ஸ்அப் குரூப்பில் நீயும் இன்னொருவனும் மட்டும் எழுதுகிற மாதிரி வை. இல்லாவிட்டால் “டீம் பதிவை உறுதிப்படுத்த இதை அழுத்து”, “இலவச டயமண்ட்” என்று யாராவது லிங்க் போடுவான், போட்டி அவசரத்தில் பிள்ளைகள் அழுத்திவிடுவார்கள். வருகிற ஓடிபி இலக்கத்தை உனக்குக்கூடச் சொல்லக்கூடாது என்று நீயே சொல்லிவை. இன்னொருவன் போனில் கணக்கைத் திறந்து விளையாடவும் விடாதே. கொம்பியூட்டர் விளையாட்டுத் தளமான ஸ்டீமை நடத்துகிற வால்வ் நிறுவனம் 2015 டிசம்பரில், மாதத்துக்கு ஏறக்குறைய 77,000 கணக்குகள் பறிக்கப்பட்டுச் சூறையாடப்படுகின்றன என்று தானே வெளியில் சொன்னது. அதில் தொழில் தெரிந்த ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். அனுபவம் இருப்பவன் ஏமாறமாட்டான் என்று நினைக்காதே.

இவ்வளவும் செய்தும் ஒன்று காணாமல் போகலாம். அந்த நேரம் நீ எப்படி நடக்கிறாய் என்பதில்தான் எனக்குப் பயம். வாசலைப் பூட்டி எல்லாருடைய பொக்கட்டையும் தடவிப் பார்ப்போம் என்று ஒருவன் கத்துவான். சம்மதிக்காதே. அந்த அதிகாரம் உனக்கு இல்லை. பிள்ளைகளின் மானம் பெரிது. முதலில் ஆட்டத்தை நிறுத்து. மைக்கில் சொல்: ஒரு போன் மாறிப்போயிருக்கிறது, எல்லாரும் உங்கள் கையிலுள்ளதைப் பாருங்கள், மாறி எடுத்தவர் இந்தக் கதிரையில் வைத்துவிட்டுப் போகலாம், யார் என்று கேட்கமாட்டோம். சொல்லிவிட்டு உண்மையாகவே அந்தப் பக்கம் பார்க்காமல் இரு. ஸஃப்வானிடம் நபியவர்கள் கேட்ட கேள்வியை நினைத்துக்கொள். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை சபலத்தில் எடுத்ததைத் திருப்பி வைக்க ஒரு வழி இருந்தால் வைப்பான், வழியில்லாவிட்டால் பிடிவாதமாக மறைப்பான். அதே நேரத்தில் சொந்தக்காரன் வேறொரு போனில் தன் ஜீமெயிலால் புகுந்து, கூகுளின் தேடும் வசதியில் போனை ஒலிக்க விடவேண்டும். கிடைக்காவிட்டால் அங்கிருந்தே பூட்டவேண்டும். ஈஸி கேஷ் மாதிரிப் பணக் கணக்கோ வங்கிச் செயலியோ இருந்தால் சிம்மை உடனே நிறுத்தவேண்டும்.

பிறகும் வராவிட்டால் பொலிஸ் முறைப்பாடு. அதற்கு ஐஎம்இஐ வேண்டும். போனில் *#06# அடித்தால் வருகிற 15 இலக்கம். போன் போன பிறகு அதை எங்கே அடிப்பது? ஆகவே வரும்போதே உன் பதிவுக் கொப்பியில் எழுதி வை. போன் பெட்டியிலும் இருக்கும், ஆனால் பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறவன் எங்கள் ஊரில் குறைவு. காணாமல் போன போனுக்கு பொலிஸாரின் ஐ-நீட் இணையத்தளத்திலேயே முறைப்பாடு பதியலாம். புதிய அன்ட்ரொய்ட் போன்களில், யாராவது கையிலிருந்து பறித்து ஓடினால் அந்த அசைவைக் கண்டு தானாகப் பூட்டுகிற வசதியை 2024இல் கூகுள் கொண்டுவந்தது. ஐபோனிலும் அதே வருடம் ஜனவரியில், களவுபோன போனில் கடவுச்சொல்லை மாற்றவிடாத ஒரு வசதி வந்தது. இரண்டும் திறந்திருக்கிறதா என்று செட்டிங்ஸில் போய் நாமே பார்த்துக்கொள்ளவேண்டும். கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் காசில்லாமல் போட்டுக் கொடுக்கிறேன், உன் டீமையும் அனுப்பு.

ஒன்று மட்டும் செய்யாதே. சந்தேகப்பட்டவன் படத்தை ஃபேஸ்புக்கில் போடாதே, மற்றவன் போட்டாலும் எடுக்க வை. நம் ஊர்களின் நிலைமையைத் தெரிந்துதான் சொல்கிறேன். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் விவகாரத்தில் 2019 ஜூனில் உண்ணாவிரதம் வரைக்கும் போய், தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த நாட்கள் இன்னும் முழுதாக மறையவில்லை. சாய்ந்தமருதுக்குத் தனிச்சபை கேட்ட பிரச்சினையில் ஒரே பள்ளியில் தொழுகிற நாங்களே இரண்டு பக்கமாக நின்றோம். அப்படிப்பட்ட இடத்தில் பாண்டிருப்புப் பிள்ளை எடுத்தான் என்றோ, அந்த ஊரான் எடுத்தான் என்றோ ஒரு வரி போனால், தொலைந்த போன் திரும்பி வந்தாலும் அந்த வரி திரும்பி வராது. பத்துப் பேர் பகிர்ந்த பிறகு போன் சோஃபாவுக்குக் கீழே கிடந்தது என்று தெரிந்தால், அந்தப் பிள்ளையின் உம்மாவுக்கு முகம் கொடுக்க உன்னால் முடியுமா? களவு கொடுத்தவனின் இழப்பை நாலு பேர் காசு சேர்த்துக் கொஞ்சமாவது நிரப்பலாம். கள்வன் என்று பெயர் கேட்ட பிள்ளைக்கு எதைச் சேர்த்துக் கொடுப்பது?

வாங்குகிற கைகளைப் பற்றியும் உன் டீமுக்குச் சொல். குறைந்த விலைக்கு, பெட்டியும் பில்லும் இல்லாமல், ஜீமெயில் லொக்கோடு வருகிற போனை வாங்குகிறவன் இருப்பதால்தான் எடுக்கிறவன் எடுக்கிறான். நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் களவுக்கு 367ஆம் பிரிவு. களவுப் பொருள் என்று தெரிந்தே நேர்மையில்லாமல் வாங்குகிறவனுக்கு 394ஆம் பிரிவு. இரண்டிலும் மூன்று வருடம் வரை சிறை போகலாம். பழைய போன் வாங்கினால் விற்றவனின் அடையாள அட்டைப் பிரதியும் கையெழுத்தும் வாங்கு. 1909க்கு ஐஎம்இஐ இலக்கத்தை அனுப்பி, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த போன்தானா என்று பார்க்கலாம். ஆனால் அது சரியான வழியில் இறக்குமதியானதா என்பதைத்தான் சொல்லும், யாருடையது என்று சொல்லாது. அந்தக் கேள்வியை விற்கிறவனிடம் நீதான் கேட்கவேண்டும்.

இன்ஷா அல்லாஹ் இந்தப் போட்டி நன்றாக நடந்து, நீங்கள் கொழும்பில் ஒரு போட்டிக்குப் போகிற நாளும் வரும். 2008இல் தொடங்கிய ஸ்ரீலங்கா சைபர் கேம்ஸ் மாதிரி ஒன்றுக்குப் போனால் இரவு பஸ்ஸில்தான் போவீர்கள். மேல் தட்டில் பேக்கை வைத்துவிட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் உறங்காதீர்கள். முறை வைத்து ஒருவன் விழித்திருக்கட்டும். போன், கண்ட்ரோலர், ஹெட்செட் மூன்றும் மடியில். தேத்தண்ணிக்குப் பஸ் நிறுத்துகிற கடையில் எல்லாரும் ஒன்றாக இறங்காதீர்கள்.

போட்டி முடிந்த இரவு, மண்டபத்தைக் கூட்டும்போது ஏதாவது மிஞ்சிக் கிடக்கும். ஒற்றை இயர்போன், யாருடையது என்று தெரியாத பவர் பேங்க், ஒரு ஜெக்கட். உன் நண்பர்கள் அதைச் சும்மா பங்கு போட்டுக்கொள்வார்கள். விடாதே. கண்டெடுத்த பொருளை ஒரு வருடம் அறிவிக்கவேண்டும் என்பது நம் மார்க்கத்தின் சட்டம். படம் போடாமல், “ஒரு பவர் பேங்க் கிடைத்திருக்கிறது, அடையாளம் சொல்லி எடுக்கவும்” என்று குரூப்பிலும் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் போடு. படம் போட்டால் யாரும் தன்னுடையது என்று சொல்லிவிடலாம். பொருட்களை என் கடையில் கொண்டுவந்து வை, நான் கொப்பியில் எழுதி வைக்கிறேன். இலக்கத் துண்டுகளை வெட்டிக் கயிறு கட்டி வைத்துவிட்டேன், நூறு சோடி இருக்கிறது. வியாழக்கிழமை மஃரிபுக்குப் பிறகு வந்து எடுத்துக்கொண்டு போ. பெரியவர்களைக் கேட்பதற்கு நானும் உன்னோடு வருகிறேன்.

உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ராத்தாவுக்கும் சலாம் சொல்.

உன் மாமா,
கல்முனைக்குடி